ஆன் கால்வர்ட் வழியில் வந்தவள்

ஹெஸ்தர் ஃபாதர்கில்லுக்கு எழுபத்தொரு வயது. வென்ஸ்லிடேல் பள்ளத்தாக்கில் முப்பது வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா, அம்மா, கடைசியில் தம்பி என்று ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்த பிறகு அந்தக் கல் வீட்டில் அவள் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவின் கூட்டத்துக்குப் போவாள். அங்கே பாதிரியாரும் கிடையாது, பாட்டும் கிடையாது. ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். யாருக்காவது ஏதாவது தோன்றினால் எழுந்து சொல்வார்கள். தங்களை 'நண்பர்கள்' என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். வருகிறவர்களே ஐந்து பேர்தான்.

அவர்களில் ஆம்புரோஸ் ஃபாதர்கில் ஒருவர். மனைவியை இழந்தவர், ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர். இரண்டு பேருடைய கொள்ளுத்தாத்தாக்களும் அண்ணன் தம்பிகள், ஐசக் ஃபாதர்கில் பெற்ற பிள்ளைகள் என்பது குடும்பத்தில் வழிவழியாக வந்த பேச்சு. அந்த முறையில் அவர் அவளைத் 'தங்கச்சி' என்றுதான் கூப்பிடுவார். அவளை முறை வைத்துக் கூப்பிட உலகத்தில் மிச்சமிருந்தவர் அவர் ஒருவரே.

ஒரே ஒரு நெருடல் இருந்தது. குவேக்கர்கள் ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. அதனால் அவர்கள் குழந்தைகளின் பெயர் தேவாலயப் பதிவேட்டில் இருக்காது. கூட்டமே தனியாக எழுதி வைக்கும். அந்தப் பதிவேட்டில் ஐசக்குக்கும் ரூத்துக்கும் ஆறு பிள்ளைகள். ஹெஸ்தரின் கொள்ளுத்தாத்தா ஜோசப்பின் பெயர் மட்டும் இல்லை. கேட்டால், "எழுதறவர் மறந்திருப்பாரு" என்று சொல்லிவிட்டு அப்பா செய்தித்தாளை விரித்துக்கொள்வார்.

தம்பி போன அடுத்த குளிர்காலத்தில் ஹெஸ்தர் டி.என்.ஏ. சோதனைக்கு எச்சிலை அனுப்பினாள். பேச ஆளில்லாத குளிர்காலம் அது. ஆம்புரோஸையும் விடவில்லை.

"துப்பறதுக்கு ஒரு குப்பி, அதை அனுப்ப ஒரு பெட்டியா?" என்றார் அவர். "என் மேல மாடெல்லாம் எத்தனையோ தடவை துப்பியிருக்கு தங்கச்சி. ஒண்ணுகூடப் பெட்டி கேட்டதில்ல."

ஆறு வாரத்தில் முடிவு வந்தது. இருவருடைய டி.என்.ஏ.வும் ஒரு துளிகூட ஒட்டவில்லை. அவ்வளவு தூரத்து உறவில் அப்படித் தற்செயலாக நடப்பதுண்டு என்று அவள் படித்திருந்தாள். ஆனால் ஐசக்கின் மகள் வழியில் வந்த இரண்டு பெண்கள் பென்சில்வேனியாவிலிருந்து அதே பட்டியலில் இருந்தார்கள். அவர்களுக்கு ஆம்புரோஸோடு ஒட்டியது, ஹெஸ்தரோடு ஒட்டவில்லை. அவளோடு ஒட்டியவர்கள் கேள்விப்படாத நான்கு பேர். நால்வரின் வம்சத்தையும் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால், மலைக்கு அந்தப் பக்கம் ஸ்வேல்டேலில் இருந்த கால்வர்ட் குடும்பத்தில் போய் முடிந்தது.

மாவட்ட ஆவணக் காப்பகத்தில் 1838-ஆம் வருஷத்துக் கூட்டக் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கினாள். ஐந்தாம் மாதத்துக் குறிப்பு இப்படி இருந்தது: 'ஐசக் ஃபாதர்கில் வீட்டுப் பணிப்பெண் ஆன் கால்வர்ட் மணமாகாமல் ஆண் பிள்ளை பெற்றிருக்கிறாள். நண்பர்கள் இருவர் சென்று பேசினர். அவள் யார் பெயரையும் சொல்லவில்லை. இனி அவள் நம்மவள் அல்ல.' ஏழாம் மாதம் இன்னொரு குறிப்பு: 'பிள்ளையைத் தாமே வளர்ப்பதாக ஐசக்கும் ரூத்தும் முன்வந்துள்ளனர்.' அதற்குப் பிறகு ஆன் கால்வர்ட்டைப் பற்றி எந்த ஏட்டிலும் ஒரு வரி இல்லை. காப்பகத்தை மூடுகிற வரைக்கும் ஹெஸ்தர் அந்தப் பக்கத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் ஆம்புரோஸைத் தேநீருக்குக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்போ ஐசக் தாத்தாவுக்கும் அந்தப் பொண்ணுக்கும்..."

"அவரு இல்ல. அவரா இருந்தா உங்களோட இல்லேன்னாலும் அந்தப் பென்சில்வேனியாப் பொண்ணுங்களோடயாவது எனக்கு ஒட்டியிருக்கும். யாருன்னே தெரியல."

"தப்பிச்சாரு கிழவரு!" என்று சிரித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். "அப்போ நீயும் நானும்?"

"ரத்தத்துல ஒண்ணுமில்ல, ஆம்புரோஸ்."

அவர் பழக் கேக்கையும் பாலாடைக்கட்டியையும் தட்டோடு தள்ளி வைத்தார். "இதை எதுக்குத் தோண்டினே? சும்மா விட்டிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்?"

அவள் அவருடைய கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினாள். எனக்கு யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கத்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

வாசலில் தொப்பியை மாட்டிக்கொண்டு, "வரேன், ஹெஸ்தர்" என்றார். கதவைச் சாத்திய பிறகுதான் அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அவளுக்கு உறைத்தது.

ஒட்டிய நால்வரில் பக்கத்தில் இருந்தவர் டெரிக் கால்வர்ட். இரண்டு முறை எழுதியும் பதில் இல்லை. ஏப்ரலில் ஒருநாள் மலையேறி இறங்கி அவருடைய பண்ணைக்கே காரை ஓட்டிக்கொண்டு போனாள். ஆடுகள் குட்டி போடும் சமயம். அவர் முழங்கை வரை ஈரத்தோடு கொட்டகையிலிருந்து வந்தார்.

"அந்தச் சோதனையா? கிறிஸ்துமஸுக்கு என் மக வாங்கிக் கொடுத்தா. துப்பி அனுப்பினதோட சரி, முடிவை நான் திறந்துகூடப் பாக்கல."

"ஆன்னு ஒருத்தர் உங்க குடும்பத்துல..."

"அந்தப் பேரை யாரும் சொல்லிக் கேட்டதில்லம்மா." அவளை ஏற இறங்கப் பார்த்தார். "தப்பா நினைக்காதீங்க. இருக்கிற சொந்தத்தையே என்னால சமாளிக்க முடியல."

ஹெஸ்தருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். பிறகு ஒரு ஆடு கத்தியது, உள்ளே ஓடிவிட்டார். திரும்பி வருவாரோ என்று கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் வண்டியை எடுத்தாள். மலை உச்சியில் நிறுத்தி, கொண்டுபோன ரொட்டியை வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து தின்றாள்.

அந்த வருஷம் கூட்டத்தின் எழுத்தர் பொறுப்பு அவளுடையது. எது முடிவானாலும் அங்கேயே எழுதி, அங்கேயே வாசித்துக் காட்ட வேண்டும். மே மாதக் கூட்டத்தில் தானே ஒரு குறிப்பு எழுதி எழுந்து நின்று வாசித்தாள். "1838-இல் நாம் விலக்கிய ஆன் கால்வர்ட்டுக்கு ஜோசப் என்று ஒரு மகன் இருந்தான். அவன் வழியில் வந்தவள் இன்று இங்கே இருக்கிறாள். ஆன் கால்வர்ட்டை நம்மவளாகவே பதிந்துகொள்கிறோம். நண்பர்களுக்குச் சம்மதமா?"

 முதலில் ஆம்புரோஸ்தான், தரையைப் பார்த்தபடி, "ஆகட்டும்" என்றார். மற்றவர்களும் "ஆகட்டும்" என்றார்கள்.

அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து நால்வருக்கும் அனுப்பினாள். ஒருவர் மட்டும் உயர்த்திய கட்டைவிரல் படத்தைப் பதிலாகப் போட்டார். இலையுதிர் காலத்தில் ஆம்புரோஸை மகள் லீட்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். முதலில் வாரா வாரம் ஃபோன் வந்தது, பிறகு மாதத்துக்கு ஒருமுறை. கூட்டத்துக்கு இப்போது நான்கு பேர். ஹெஸ்தர் கொஞ்சம் முன்னதாகவே போய், ஹீட்டரைப் போட்டு, நாற்காலிகளை நெருக்கி வட்டமாகப் போடுகிறாள்.