மாடியில் ஒரு பேய் வீடு

போன ஞாயிறு பிள்ளைப்பாக்கம் போயிருந்தேன் — பேய் பார்க்க!

என் மைத்துனன் குணா அங்கே ஃபேக்டரி ஆட்களுக்கு ஹாஸ்டல் நடத்துகிறான். ஆர்டர் குறைந்து, கான்ட்ராக்ட் ஆட்களை அனுப்பிவிட்டார்கள். மாடி முழுக்கக் காலி. வேறு யாராவது என்றால் வாடகையைக் குறைத்திருப்பார்கள். குணா? நொடித்துப்போன தீம் பார்க் ஒன்றின் பேய் வீட்டை அப்படியே வாங்கி மாடியில் இறக்கிவிட்டான். எலும்புக்கூடு, சவப்பெட்டி, புகை மெஷின்... சகலமும்.

"ஊரே டல்லா கிடக்கு. இப்பப் போய் பேய் வாங்குறியேடா!" என்று அப்போதே திட்டினேன்.

"டல்லா கீதுன்னுதான் மாமா சல்லிசா வந்துச்சு. வேலை இல்லாதவன் பொழுதுபோக்க எங்க போவான்? நம்மாண்டதான் வருவான்!"

என் மனைவியின் வளையல்களும் அடகுக்கடை வழியாக அந்தச் சவப்பெட்டிக்குள் போய்விட்டன என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பேய் வேஷம் முருகேசனுக்கு. திருநெல்வேலிக்காரர். ஹாஸ்டலில் தங்கியிருந்தவர், வேலை போனவர். வெள்ளைப் புடவை கட்டி, தலையை விரித்துப்போட்டு நின்றால், வந்தவர்கள் செல்ஃபி எடுத்தார்களாம்.

"ஒருத்தரும் பயப்பட மாட்டேங்காவ அண்ணாச்சி. 'உனக்கும் வேலை போச்சா'ன்னு கேக்காவ!" என்று குணாவிடம் நொந்துகொண்டாராம்.

ஒருநாள் துவைத்த புடவை காயவில்லை. முழுக்கைச் சட்டையை இன் பண்ணி, கழுத்தில் பழைய ஐடி கார்டோடு இருட்டில் நின்றார். வாயில் வந்ததைச் சொன்னார்: "உங்கள ஹெச்.ஆர். கூப்பிடுறாங்க."

வந்தவர்கள் அலறிய அலறலில் எலும்புக்கூட்டின் கை கழன்று விழுந்ததாம். அன்றிலிருந்து பக்கத்து ஃபேக்டரி ஏரியாவான ஒரகடமே வரிசையில் நிற்கிறது. வளையல்களும் வீடு திரும்பிவிட்டன.

ஞாயிறன்று எனக்கு முன்னால் ஒருவர் போனார். கண்ணாடி, ஷூ, மிடுக்கு. முருகேசன் அதே வசனத்தைச் சொன்னார். மனிதர் அலறவில்லை. அப்படியே சவப்பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார்.

"நான்தான்யா ஹெச்.ஆர்.! என்னை எவன் கூப்பிடுறான்?"

திங்கட்கிழமை அவருக்கும் ஒரு மீட்டிங் போட்டிருக்கிறார்களாம்... எதற்கு என்று சொல்லவில்லையாம். இத்தனை நாள் அவரும் யாருக்கும் சொன்னதில்லை அல்லவா?

முருகேசன் ஐடி கார்டைக் கழற்றிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். குணா ஓடிப்போய் சோடா கொண்டுவந்தான்.

"கவலப்படாத சார். அப்டி எதுனா ஆச்சின்னா நேரா இங்க வந்துடு. நைட் ஷிஃப்டுக்கு ஒரு பேய் வேணும்."

மனிதர் சோடாவை ஒரே மூச்சில் குடித்தார். கண்ணாடியைத் துடைத்தார். நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார்:

"பி.எஃப். பிடிப்பீங்களா?"