பத்து கண்டக்டர் பைகள்

நேற்று வேங்கிக்காலில் பஸ் ஏறினேன். கண்டக்டர் பையன் ஒரு சின்ன மெஷினில் பட்டனை அமுக்கி டிக்கெட் கொடுத்தான். மீதிச் சில்லறையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தான். என் கண் தானாக அவன் தோளுக்குப் போனது. அங்கே வார் இல்லை. தோல் பை இல்லாதவரைக் கண்டக்டர் என்று நம்ப எனக்கு இன்னும் மனசு வரவில்லை, பழக்கதோஷம்.

அந்தப் பைக்கென்று ஒரு வாசனை உண்டு. பதப்படுத்திய தோல், காசு, வேர்வை மூன்றும் கலந்தது. எழுபதுகளின் கடைசியில் எங்கள் வீடு முழுக்க அதே வாசனைதான், காசும் வேர்வையும் நீங்கலாக.

நானும் என் நாத்தனார் மும்தாஜும் அதுவரை ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தோம். கீழ்பென்னாத்தூர் பக்கம் ஓடும் தனியார் பஸ்ஸின் கண்டக்டர் ஏழுமலை, மனைவியின் ஜாக்கெட்டை வாங்க வந்தவர், "எனுக்கு ஒரு பை தச்சிக் குடுங்களேன்க்கா" என்றார். கார்த்திகை தீபத்துக்கு ஸ்பெஷல் பஸ் விடுவார்கள், பத்துப் பேருக்குப் பை வேண்டும், முதல் பை சரியாக அமைந்தால் மற்ற ஒன்பதும் உங்களுக்கே என்றார். எங்கள் ஜாக்கெட் மெஷினோ, தோலைக் கண்டதும் ஊசிகளை வரிசையாக முறித்துப் போட்டது. பெரிய மெஷின் வாங்கியே தீருவேன் என்று நின்றேன்.

"உனுக்குப் பிடிவாதம் ஜாஸ்தி" என்றார் என் வீட்டுக்காரர். சரியாகத்தான் சொன்னார்.

ராணிப்பேட்டையில் பழைய மெஷின் விற்கும் ஒரு கடைக்கு நானும் மும்தாஜும் போனோம். கடைக்காரர் துணியை வைத்து ஓட்டிக் காட்டினார். மும்தாஜ் டிபன் பையிலிருந்து நாலு மடிப்புத் தோலை எடுத்து நீட்டினாள்.

"துணியில எல்லா மெஷினும் நல்லாதாங்க ஓடும். இதுல ஓட்டுங்க."

முதல் மெஷின் முனகிக்கொண்டு நின்றுவிட்டது. இரண்டாவது, அடித்தோலை மட்டும் இழுத்துக்கொண்டு போனது. மூன்றாவதில், மேலே அழுத்திப் பிடிக்கிற காலும் தோலோடு கூடவே நடந்தது; நாலு மடிப்பும் ஒன்றாக நகர்ந்தன. அதைத்தான் பஸ் கூரையில் ஏற்றிக் கொண்டுவந்தோம்.

முதல் பையை மாட்டிக்கொண்டு ஏழுமலை நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். நாலாம் நாள் அதையே சுருட்டிக் கையில் எடுத்துவந்தார். கூட்டத்தில் யாரோ இழுக்க, வார் அறுந்து, சில்லறை பஸ் முழுக்க உருண்டுவிட்டதாம்.

"சீட்டுக்கு அடியில படுத்துப் பொறுக்குனேன்க்கா. தீபத்துக்குப் பன்னெண்டு நாள்தான் இருக்கு. மத்தவங்க வேற எடத்துல குடுக்கலாம்னு சொல்றாங்க."

கூனிக் குறுகிப் போனேன். ஆனாலும், "ரெண்டு நாள் குடுங்க" என்றேன்.

மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிடு என்றார் வீட்டுக்காரர். நான் காதில் வாங்கவில்லை. அறுந்த வாரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நூலில் ஒரு இழைகூட அறவில்லை. தோல்தான் ஊசித் துளைகளின் வழியே கிழிந்திருந்தது, தபால்தலையைக் கிழிப்பதுபோல. துணிக்குப் பழகிய கை. தையல் நெருக்கமாக விழுந்தால்தான் கெட்டி என்று நினைப்பு. அந்த நினைப்பில் மெஷினைப் பொடித் தையலுக்குத் திருப்பி வைத்தவள் நான். போதாததற்கு அதே கோட்டில் மூன்று முறை ஓட்டியிருந்தேன், பெரிய கெட்டிக்காரி.

"மெஷின் மேல தப்பில்ல அண்ணி. தப்பு நம்ம மேலதான்" என்றாள் மும்தாஜ். அவள் அதுவரை அந்த மெஷினின் திருகைத் தொட்டதுகூட இல்லை.

தையலை அரிசி நீளத்துக்குக் கூட்டினோம். அடியில் நூல் சிக்கிச் சுருண்டது, மேல்நூலை இறுக்கினோம். அழுத்திப் பிடிக்கிற காலின் தடம் தோலில் பதிந்தது. அதன் திருகைக் கால்வாசிச் சுற்று தளர்த்தினோம். ஒரு கூடைத் துண்டுத்தோல் தீர்ந்த பிறகுதான் மெஷின் எங்கள் வழிக்கு வந்தது. புது வார் தைத்து, பைக்குள் அம்மிக் குழவியைப் போட்டு உத்திரக் கொக்கியில் மாட்டினோம். வீட்டுக்காரர் அந்தப் பக்கம் உட்காரவே மறுத்துவிட்டார். மறுநாள் ஏழுமலை வந்தபோதும் பை தொங்கிக்கொண்டிருந்தது. அவரும் தன் பங்குக்குப் பிடித்துத் தொங்கினார். கிறீச்சிட்டது உத்திரம்தான்.

"மத்த ஒம்போதையும் தச்சிடுங்கக்கா."

தீபத்தன்று பஸ் ஸ்டாண்டில் கூட்டத்துக்கு நடுவே நின்று, கண்டக்டர்கள் தோளில் எங்கள் பத்து வாரையும் நானும் மும்தாஜும் தேடித் தேடிப் பார்த்தோம். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தப் பஸ் கம்பெனி இப்போது இல்லை. மெஷினும் கைமாறிப் போயிற்று. மும்தாஜ் போன வருஷம் போய்விட்டாள். தப்பு செய்வதை நான் இன்னும் நிறுத்தவில்லை. "நம்ம மேலதான்" என்று சொல்லி அதில் பாதியை வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.