ஏ.சி. தண்ணீரில் பூத்த வெண்டை

இருபத்தாறு வருஷம் பிரஸ் மெஷின் ஓட்டிய அம்பத்தூர் போல்ட் கம்பெனி மூடப்பட்ட பிறகு, தங்கராஜ் நூம்பலில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் தோட்டக்காரராகச் சேர்ந்தார். கார் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் ஹாலோ பிளாக் அடுக்கிக் கட்டிய எட்டு மேட்டுப் பாத்திகள். அவருக்கு முன்னால் மூன்று பேர் வந்து, ஒன்றும் விளையாமல் போயிருந்தார்கள்.

அவர் போட்ட வெண்டை விதை முளைத்தது. நாலு இலை விட்டதும் வெளிறியது. நரம்பு மட்டும் பச்சை, மீதியெல்லாம் மஞ்சள். செகரட்டரி வெங்கட் நல்ல மனிதர். மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பினார். பி.எச். அளவு ஒன்பதுக்குப் பக்கத்தில், காரம் அதிகமாக இருந்தது. கந்தகத்தூளும் மாட்டுச் சாணமும் வாங்கிக் கொடுத்தார். பதினைந்து நாள் இலை தெளிந்தது. பிறகு பாத்தி மேலே உப்பு வெள்ளையாகப் பூத்தது, இலை மறுபடி வெளிறியது.

"மண்ணு மட்டும் இல்ல சார், தண்ணியும்தான். போர் தண்ணி ஊத்த ஊத்த உப்பு ஏறிக்கினே கீது."

"செடிக்கு லாரித் தண்ணி வாங்க அசோசியேஷன்ல ஒத்துக்க மாட்டாங்க தங்கராஜ்."

மே மாதம் பின்பக்கச் சுவரோரம் ஏ.சி. குழாய்கள் சொட்டிக்கொண்டிருந்தன. தங்கராஜ் ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு பக்கெட் வைத்தார். சேர்ந்த உப்பில்லாத தண்ணீர் இரண்டு பாத்திக்குத்தான் போதும். அந்த இரண்டிலும் வெண்டை பச்சை பிடித்தது.

"பூத்துக்கீது வடிவு!" என்றார் வீட்டுக்குள் நுழையும்போதே. கம்பெனி மூடிய பிறகு அவர் குரல் இப்படி எழும்பி அவர் மனைவி கேட்டதில்லை.

மறுவாரம் தரைத்தளத்துப் பெண் ஒருவர் குடியிருப்போர் வாட்ஸப் குழுவில் ஒரு படம் போட்டார். அதில் தங்கராஜ் பக்கெட்டோடு அந்தப் பெண்ணின் படுக்கையறை ஜன்னலருகே குனிந்திருந்தார். 'இந்த ஆளுக்கு இங்கே என்ன வேலை?'

வெங்கட் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினார்.

"பைப்பு அங்கதான் சார் கீது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கூட பாக்கல."

"எனக்குத் தெரியும். இருந்தாலும் இனிமே அந்தப் பக்கம் போகாதீங்க."

"ஓஸு பைப்பு போட்டு இந்தாண்ட இழுத்துக்கினா சார்?"

"மீட்டிங்ல கேக்கறேன்."

மீட்டிங்கில் அதைப் பற்றிப் பேச்சே வரவில்லை. பாத்திகளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஆறு கார் நிறுத்தலாம் என்று முடிவானது. அதற்குள் போர் தண்ணீர் குடித்த வெண்டை பழையபடி மஞ்சளாகிவிட்டது. ஏழு காய் தேறியது, எல்லாம் முற்றல். வெங்கட் வேண்டாமென்று சொல்லிவிட்டார். வடிவு சாம்பாரில் போட்டாள். நார் மென்று துப்பினார்கள்.

பாத்திகளை இடிக்கவும் அவரையே சொன்னார்கள். இரண்டு நாள் கடப்பாரை போட்டார். தூசி பறக்கிறது என்று தரைத்தள ஜன்னல் சாத்தப்பட்டது. மூன்றாம் நாள், இனி வேலை இல்லை என்றார் அவரை அங்கே வேலைக்கு வைத்திருந்த கான்ட்ராக்டர்.

இப்போது திருமழிசைப் பக்கம் ஒரு குடோனில் கேட் திறந்து மூடுகிறார். யாராவது பெண்கள் அந்த வழியாக வந்தால், தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்குப் பின்னால் போய் நின்றுவிடுகிறார்.