சிற்றி இல்லாத ஊர்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. ல, ள, ழ இன்னும் என்னை ஏமாற்றும், பொறுத்துக்கொள்ளுங்கள். புதிதாகப் பனி வழிக்க வருகிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

டொராண்டோவுக்குக் கிழக்கே ஒரு டவுனில், முன்னால் இரும்பு பிளேடு பூட்டிய, பனி வழிக்கும் டிரக் ஓட்டுகிறேன். டொராண்டோவில் எல்லாவற்றுக்கும் ஒரே சிற்றிதான், அதாவது ஒரே மாநகராட்சி. இங்கே அப்படி இல்லை. குடியிருப்பு வீதிகள் டவுனுக்கு. பெரிய ரோட்டும் பஸ்ஸும் தண்ணீரும் பல டவுன்களைச் சேர்த்த ரீஜனுக்கு. எங்கள் சனம் இரண்டையும் "சிற்றி" என்றே சொல்லும்.

ஒரு காலை என் ரூட்டின் முதல் வீதியில், டொராண்டோவின் வோபர்ன் பக்கமிருந்து புதிதாகக் குடிவந்த அன்ரி ஒருவர் பனி அள்ளும் சவளோடு டிரக்கை மறித்தார்.

"தம்பி, தமிழே? நல்லதாப் போச்சு. சிற்றிக்குப் போன் அடிச்சு என்ர விரல் தேஞ்சு போச்சு. உந்த மலையை ஆர் எடுக்கிறது?"

வீதி பெரிய ரோட்டில் ஏறும் வாயில் இடுப்பளவு பனி. நான் வழித்துவிட்டுப் போன பிறகு ரீஜன் டிரக் பெரிய ரோட்டை வழிக்கும். அது ஒதுக்கும் பனி வீதி வாயை அடைத்துவிடும். அன்ரியின் கணவரை டயாலிசிசுக்காக ஒஷாவா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வீல்செயார் பஸ், முதல்நாள் உள்ளே வர முடியாமல் திரும்பிவிட்டது. அந்த பஸ்ஸும் ரீஜனுடையதுதான்.

"ஆஸ்பத்திரியில நாளைக் காலமை வரச் சொல்லியிருக்கினம். இரவுக்குத் திரும்பப் பனியாம்." அன்ரியின் குரல் இறங்கியது. "நாளைக்கும் விட்டால் மனுசனுக்கு மூச்சு முட்டும், தம்பி."

டவுன் வேலையை எடுத்துச் செய்யும் என் முதலாளி செல்வம் அண்ணையிடம் சொன்னேன்.

"பெரிய ரோட்டில பிளேட்டை இறக்கினாயெண்டால் இன்சூரன்ஸ் இல்லை, உனக்கு வேலையும் இல்லை. அவங்கள் தங்கட வேலையைச் சரியாச் செய்யிறாங்கள். நீ உன்ர வேலையைச் செய்."

"ரெண்டு பேரும் சரியாத்தான் செய்யிறம் அண்ணை. பஸ்தான் வரேல்லை."

"உனக்கு எப்பயடா வாய் முளைச்சது?" சிரித்துவிட்டார். "ரீஜன் டிரக் ஓட்டுற றைவரைப் போய்க் கேள். கதைக்கிறதுக்கு இன்சூரன்ஸ் தேவையில்லை."

இங்கிலீஷ் வராததால் கோப்பிக் கடையில்கூட விரலால் காட்டி வாங்குகிற ஆள் நான். ரீஜன் டிரக் வாசலில் நின்ற மூலைக் கோப்பிக் கடையில் அந்த றைவர் முகத்தை மஃப்ளரால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டிரக்குக்குள் பாடமாக்கியதைத் தொடங்கினேன். "எக்ஸ்கியூஸ் மீ, யுவர் ஸ்னோ, மை ஸ்ட்ரீட்..." அதோடு எல்லாம் மறந்துவிட்டது. "ஐயோ முருகா!"

அவர் மஃப்ளரை இறக்கினார். "சொல்லுங்கண்ணே. என் பேரு முருகன்தான்!"

மதுரைக்காரர். விஷயத்தைக் கேட்டதும் மேசையில் கப்பை நகர்த்திக் காட்டினார். "மூலைக்கு வர்றப்ப பிளேடை நேரா வச்சு, பனியத் தள்ளிக்கிட்டே தாண்டிர்றேன். கொஞ்சம் சிந்தும். நீங்க பின்னாடியே வந்து எடுத்துருங்க."

அந்த வீதியை ரூட்டின் கடைசிக்கு மாற்றச் செல்வம் அண்ணையும் சம்மதித்தார்.

மறுநாள் முருகன் சொன்னபடியே பனியைத் தள்ளிக்கொண்டு மூலையைத் தாண்டினார். நான் பிளேட்டைத் தூக்கியபடி பின்னால் வந்து, வீதிக்குள் திரும்பியதும் இறக்கினேன். சிந்தியது அத்தனையும் ஓரத்துக்குப் போயிற்று. சற்று நேரத்தில் பஸ் உள்ளே வந்தது, அன்ரியின் கணவரை ஏற்றிக்கொண்டு நிற்காமல் வெளியேறியது. பெரிய ரோட்டில் திரும்பி வந்த முருகன் ஹோர்ன் அடித்தார். நானும் விடாமல் அடித்தேன்.

அன்ரி சவளைத் தலைக்கு மேல் தூக்கினார். "சிற்றி வாழ்க!"

"சிற்றி இல்லை அன்ரி. டவுனும் ரீஜனும்."

"எல்லாம் ஒண்டுதான், போம் தம்பி!"

அன்று காலை அது உண்மையாக இருந்தது.

புதிதாக வருகிறவர்களே, எல்லையில் பிளேட்டைத் தூக்குங்கள். ஆனால் அடுத்த பக்கம் வழிக்கிறவரின் பெயரைக் கேட்டு வையுங்கள்.

ஞாயிறு, 2 பெப்ரவரி 2025