அத்தானின் பல்ஸ்

அத்தான் குளிக்கப் போகும்போது மட்டும்தான் அந்த வாட்ச் அவர் கையைவிட்டு இறங்கும். அக்கா அதைச் சார்ஜில் போட்டுவிட்டுக் குளியலறை வாசலிலேயே நிற்பாள். அவர் துண்டோடு வெளியே வந்ததும் ஈரக்கையைத் துடைத்து அவளே கட்டிவிடுவாள். பட்டை இறுகும்போது அத்தான் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். மணிக்கட்டைச் சுற்றி ஒரு வளையம் வெளுத்துப்போயிருக்கிறது. நான் ஹாலில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருப்பேன். இதே வாட்ச் பெட்டியிலிருந்து வெளியே வந்த நாள் அப்போது என் நினைவுக்கு வரும். அன்றைக்கு அத்தான் கையை நீட்டிக்கொண்டு நின்ற அழகைப் பார்த்திருக்க வேண்டும். கல்யாணத்தில் மோதிரம் போட்டபோதுகூட அவர் அப்படிச் சிரித்ததில்லை.

எங்களுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அக்காவும் அத்தானும் வேலைக்காகச் சென்னைக்கு வந்து, கொரட்டூரில் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு ஃபிளாட் வாங்கினார்கள். எனக்கும் இங்கே வேலை கிடைத்ததும் நான் வந்து ஒட்டிக்கொண்டேன். அத்தான் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரை முறைக்கிற மனுஷன். நாற்பதைத் தாண்டியதும் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். நடக்கலாம், மெதுவாக ஓடலாம், ஆனால் பல்ஸ் இந்த அளவைத் தாண்டவே கூடாது என்று டாக்டர் ஒரு எல்லை சொல்லி அனுப்பினார். அதற்காகத்தான் அக்கா அந்த வாட்சை வாங்கினாள். ஓடுகிற பாதையை அது வரைபடத்தில் காட்டும், பல்ஸையும் காட்டும். உள்ளேயே சிம் இருப்பதால் கூடப் போன் கொண்டுபோக வேண்டியதில்லை. அத்தான் ஏரிக்கரையில் ஓடினால் இங்கே அக்காவின் போனில் ஒரு புள்ளி நகரும், பக்கத்தில் ஒரு குட்டி இதயம் துடிக்கும். எல்லைக்குள் இருந்தால் பச்சை. தாண்டினால் சிவப்பு, கூடவே ஓர் அலறல். அக்கா காபி டம்ளரோடு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஏரிக்கரையில் ஓடுகிற கூட்டம் ஒன்று அத்தானைச் சேர்த்துக்கொண்டது. அதன் தலைவன் அம்பத்தூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிற ஒருவன். எல்லாரும் அவனைக் கோச் என்பார்கள். எதற்குக் கோச், யார் கொடுத்த பட்டம் என்று யாரும் கேட்டதில்லை. ஓடி முடித்ததும் அவனுக்கு மூச்சு வாங்காது, அந்தத் திமிர் அவனுக்கு நிறையவே உண்டு. எல்லாருடைய வாட்சிலிருந்தும் கணக்கு அவர்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடும். வாரக் கடைசியில் யார் மெதுவோ அவர் படத்தின்மேல் ஓர் ஆமையை ஒட்டிப் போடுவார்கள். டாக்டர் சொன்னபடி ஓடினால் ஆமையாகத்தான் ஆக முடியும். அத்தான் வாராவாரம் ஆமையானார். வீட்டில் அதை எங்களுக்குக் காட்டிச் சிரிப்பார். ஸ்டென்ட் வைத்த மனுஷனை ஆமை என்று கேலி செய்கிறவர்களை நான் வாய்க்கு வந்தபடி திட்டுவேன். "விடும்மா, தமாஷுக்குத்தானே," என்பார். தமாஷ் என்று சொல்கிற வாய் கொஞ்சம் கோணும்.

ஒருநாள் ஆமைப் பட்டத்துக்குப் பயந்து கொஞ்சம் வேகமாக ஓடியிருக்கிறார். இங்கே போன் அலறியது. அக்கா உடனே வாட்சைக் கூப்பிட்டாள். "நில்லுங்க. அப்படியே நில்லுங்க. ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாது." வாட்சில் ஸ்பீக்கர் உண்டு, கரையில் இருந்த அத்தனை பேர் காதிலும் அது விழுந்தது. "சார், ஹெட்மிஸ்ட்ரஸ் பெல் அட்ச்சிட்டாங்க," என்று கோச் சொன்னதும் கூட்டமே சிரித்ததாம். அப்புறம் அத்தான் தோளில் கை போட்டு, "பல்ஸ் பாத்துகினு ஓடணும்னா ஆஸ்பத்திரில ஓடு சார். இங்க இன்னாத்துக்கு வந்துகினு கீற? வாச்சை குடு, நான் கட்டிக்கறேன். உன் ஊட்டம்மா நிம்மதியா காபி குடிக்கட்டும்," என்றானாம். அத்தான் கழற்றிக் கொடுத்துவிட்டார். நெஞ்சில் கம்பி வைத்திருக்கிறவர் தன் பல்ஸைக் கழற்றி ஹார்டுவேர் கடைக்காரன் கையில் கட்டிவிட்டு, வெறுங்கையோடு ஓடியிருக்கிறார். அன்றிலிருந்து ஓடத் தொடங்கும்போது கொடுப்பார், முடிந்ததும் திரும்ப வாங்கிக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவார். இதெல்லாம் எங்களுக்கு ரொம்பப் பிந்தித்தான் தெரிந்தது.

அந்த வாரத்திலிருந்து அக்காவின் போனில் பச்சை மாறவே இல்லை. புள்ளி முன்னைவிட வேகமாக ஓடியது, இதயம் முன்னைவிட நிதானமாகத் துடித்தது. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்தாள். சபையில் அவள் அதுவரை வாயே திறந்ததில்லை. என் கணவருடைய இதயத்தைக் கர்த்தர் புதிதாக்கினார், என் கண்ணால் தினமும் பார்க்கிறேன் என்று அழுதுகொண்டே சொன்னாள். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பாஸ்டர் ஜெபம் செய்தார். அத்தான் ஆண்கள் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்திருந்தார். பக்திதான் என்று நான் நினைத்தேன்.

அவர் விழுந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். அக்கா சர்ச்சுக்குப் புடவை கட்டிக்கொண்டே போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள். "அம்மா, உங்க ஊட்டுக்காரர் இங்க ஏரிக்கரைல உழுந்து கெடக்கறாரு. சீக்கிரம் வாம்மா." விபத்து, அவசரம் என்று சொல்லிப் பணம் பறிக்கிற அழைப்புகள் அப்போது எல்லாருக்கும் வந்துகொண்டிருந்தன. "அவர் ஓடிட்டு இருக்காரு, நான் பாத்துட்டுத்தான் இருக்கேன். வேற ஆளைப் பாருங்க," என்று அக்கா துண்டித்தாள். அந்த ஆள் மறுபடியும் கூப்பிட்டான். மறுபடியும் துண்டித்தாள். மூன்றாம் தடவை அவன் அழுகிற குரலில், "பனியன்ல இந்த நம்பர்தாம்மா எழுதி கீது," என்றான். அந்தக் கூட்டத்தின் பனியனில் முதுகுப் பக்கம் ரத்த வகையும் வீட்டு எண்ணும் அச்சடித்திருப்பார்கள்.

"வாட்சுக்குப் போட்டுப் பாருக்கா," என்றேன். போட்டாள். ஒரே மணியில் எடுத்தார்கள். "சொல்லும்மா," என்றது கோச்சின் குரல். "சார் பின்னால வந்துகினு கீறாரு. நான் கொஞ்சம் முன்னால வந்துட்டேன்." திரையில் இதயம் பச்சையாகத் துடித்துக்கொண்டிருந்தது. அக்கா அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பாதி கட்டிய புடவையை அள்ளிப் பிடித்துக்கொண்டு செருப்பில்லாமல் படியிறங்கினாள்.

எங்களைக் கூப்பிட்டவர் கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர். அத்தானின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிய பிறகு என்னிடம் சொன்னார்: "உழுந்ததும் கூட ஓட்னவங்க எல்லாம் நின்னாங்கம்மா. நின்னு முதல்ல அவங்கவங்க கைல கீற வாச்சை அமுக்கினாங்க. அப்பாலதான் குனிஞ்சு பாத்தாங்க." நடுவில் நிற்கிற நேரம் கணக்கில் சேர்ந்தால் வேகம் குறைந்துவிடும், அதனால் நின்றதும் வாட்சை நிறுத்துவது அவர்களுக்குப் பழகிப்போன வேலை. மனசறிந்து செய்திருக்க மாட்டார்கள் என்று பிறகு பலர் என்னிடம் சமாதானம் சொன்னார்கள். அறியாமலே விரல் அங்கேதானே போயிருக்கிறது. கோச் ஆஸ்பத்திரிக்கு வந்து, தன் கையிலிருந்து கழற்றிய வாட்சை என்னிடம் நீட்டினான். அது அவன் வியர்வையில் நனைந்திருந்தது. அன்றைய ஓட்டம் அத்தான் பெயரில் குழுவுக்குப் போய்விட்டிருந்தது. அவருடைய கணக்கிலேயே அதுதான் வேகமான ஓட்டம். விஷயம் தெரியாதவர்கள் கைதட்டல் படம் போட்டு வாழ்த்தியிருந்தார்கள். அந்த வாரமும் ஆமை வேறு யாரோ.

உயிர் தப்பியது. ஆனால் இதயத்தில் பாதிதான் வேலை செய்கிறது, நேரம் போய்விட்டது என்றார்கள். எந்த நேரம் என்று அக்கா கேட்கவில்லை. அவள் துண்டித்த இரண்டு அழைப்புகள் அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அத்தான் வேலையை விட்டார். இப்போது ஹாலிலிருந்து பால்கனி வரை நடப்பார், லிஃப்ட் நின்றுபோனால் கீழே இறங்க முடியாது. அக்கா பழைய சபைக்குப் போவதை நிறுத்திவிட்டு ஆவடிப் பக்கம் ஒரு சபைக்குப் போகிறாள். அங்கே யாருக்கும் அவள் சொன்ன சாட்சி தெரியாது.

அவள் அத்தானை ஒரு வார்த்தை திட்டியதில்லை. ஒரே ஒரு தடவை, தூங்கும்போதாவது இதைக் கழற்றி வைக்கட்டுமா என்று அவர் கேட்டதற்கு, சோறு பரிமாறிக்கொண்டே பதில் சொன்னாள்: "உங்க நெஞ்சை நீங்க ஏற்கெனவே ஒருத்தனுக்குக் கொடுத்தாச்சு. திருப்பி வாங்கினது நான். இனி அது என்கிட்டதான் இருக்கும்." அதோடு சரி. ஆபீசில் உட்கார்ந்துகொண்டு அவர் தூங்குவதையும் எழுவதையும் பார்க்கிறாள். என்ன சேனல் பார்க்கிறார், ஏன் பல்ஸ் ஏறுகிறது, மாற்றச் சொல் என்று, வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற எனக்குப் போன் வரும். அன்பு என்றுதான் அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். எனக்கு அக்காவைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. அத்தானைப் பார்த்தால் கோபம் வருகிறது, அது பாதியிலேயே செத்தும் போகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா சர்ச்சில் இருந்தாள். அத்தான் பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கீழே தெருவில் அந்தக் கூட்டம் ஏரியைப் பார்த்து ஓடியது, அதே பனியன்கள், முன்னால் கோச். அவன் நிமிர்ந்து பார்த்துக் கையாட்டினான். அத்தான் அசையவில்லை. கால் பெருவிரல் மட்டும் தரையில் தட்டிக்கொண்டிருந்தது. என் போன் அடித்தது, ஸ்பீக்கரில் போட்டேன். பின்னணியில் ஆராதனைப் பாட்டு கேட்டது, அக்கா வெளியே வந்து நின்று பேசுகிறாள் போல.

"என்ன பண்றாரு?"

"சும்மா உக்காந்திருக்காருக்கா."

"சும்மா இருக்கவருக்கு ஏன் சிவப்பு காட்டுது? யாரு போறா கீழ?"

அத்தான் என் பக்கம் திரும்பாமல், "ஒண்ணும் இல்லேன்னு சொல்லும்மா," என்றார்.

"வேடிக்கைதான் பாக்காருக்கா," என்றேன்.

"பாக்கவும் வேண்டாம். கதவைச் சாத்து."

நான் எதுவும் சொல்வதற்கு முன்பே அத்தான் எழுந்து, நாற்காலியை உள்ளே இழுத்து, சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். நான் கதவைச் சாத்தினேன். அக்கா லைனிலேயே இருந்தாள். "இன்னும் இறங்கல," என்றாள். அத்தான் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை மெதுவாக விட்டார், மறுபடியும் மெதுவாக விட்டார்.

"இப்ப சரி," என்று சொல்லிவிட்டு அக்கா ஜெபத்துக்குப் போனாள்.