பின்வரிசைக்குத் தெரியாது

அவரை ஒரே ஒருமுறைதான் பார்த்தேன், வேங்கிக்காலில் நடந்த பாம்புக்கடிப் பயிற்சி வகுப்பில். கம்ப்யூட்டர் ஸ்லைடு வந்த புதிது. கசங்காத கோட்டு போட்ட பேராசிரியர், புத்தகத்தின் முழுப் பக்கத்தையும் ஒரே ஸ்லைடில் அடைத்திருந்தார். நீலத்தின்மேல் சிவப்பாக, எறும்பு அளவு எழுத்து. ஒவ்வொரு ஸ்லைடுக்கும் மகா பணிவாகச் சொல்வார்: "பின்னாடி இருக்கறவங்களுக்குத் தெரியாது, மன்னிச்சிக்குங்க."

மருந்தளவு அட்டவணை வந்ததும், என்னுடன் பின்வரிசையில் இருந்த எங்கள் சுகாதார நிலையச் செவிலியர் எழுந்துவிட்டார்.

"தெரியாதுன்னு தெரிஞ்சும் எதுக்கு சார் போடறீங்க?"

"எனக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரியணும் இல்லம்மா?"

மறுவாரம் அடி அண்ணாமலை கிராமத்திலிருந்து பாம்பு கடித்த ஒருவரைத் தூக்கிவந்தார்கள். செவிலியர் மருந்தை எடுத்துக்கொண்டு, "எவ்ளோ டாக்டர்?" என்றார்.

பேராசிரியருக்குத் தெரியும் என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.