பாபாவுக்காக ருதைனா எழுதிய பக்கம்

ருதைனாவின் அப்பா ஃபவ்ஸாத்துக்கு இரண்டு காதும் கேட்காமல் போய்விட்டது. வாழ்நாளெல்லாம் பெய்ரூட் கடற்கரைச் சாலையில் பேருந்து ஓட்டியவர். கைப்பேசியில் செய்தி அனுப்பினாலோ, கண்ட இடத்தில் தட்டி எங்கேயோ தொலைந்துபோவார். அம்மா இறந்த பிறகு ஐந்தாவது மாடியில் பகலெல்லாம் தனியாகக் கிடந்த அவருக்காகவே அவள் ஓர் இணையப் பக்கத்தை எழுதினாள்.

கடைகளுக்கு இப்படிப் பக்கம் எழுதுவதுதான் அவள் பிழைப்பே. கடைக்காரர் விலையை மாற்றினால், பார்த்துக்கொண்டிருக்கும் அத்தனை பேரின் திரையிலும் அந்தக் கணமே மாற வேண்டும். பக்கத்துக்கென்று சொந்த புத்தி கிடையாது. என்ன எழுத்து, எந்தப் பொத்தான் என்பதையெல்லாம் தொலைவிலிருக்கும் சர்வர் கணினிதான் சொல்லும். அதே வித்தையில் வீட்டுச் சுவரில் ஒரு டேப்லெட்டை மாட்டினாள். அலுவலகத்திலிருந்து அவள் அனுப்புவது மட்டுமே அதில் பெரிய எழுத்தில் தோன்றும்.

"மாத்திரை போட்டீங்களா பாபா?" என்று கேட்டு, கீழே இரண்டு பொத்தான் வைப்பாள்: ‘போட்டுட்டேன்’, ‘பொய் சொல்லப் போறேன்’. அவர் வேண்டுமென்றே இரண்டாவதை அழுத்துவார். அவள் தன் மேசையில் சிரிப்பாள்.

இணைப்பு அறுந்தால் பக்கம் சாம்பல் நிறமாக மங்கும்படிதான் முதலில் எழுதியிருந்தாள். மின்சாரம் நினைத்தபோது போகும் ஊர். ஒரு மாலை வீடு திரும்பியவள், அவர் வாசற்படியில் அழுதுகொண்டிருப்பதைக் கண்டாள்.

"உன் எழுத்து செத்துப்போச்சு, உசுரே. உனக்குத்தான் என்னமோ ஆயிடுச்சுன்னு நெனச்சேன்."

அன்றே அந்த மங்கலை எடுத்துவிட்டாள். இனி இணைப்பு போனாலும் கடைசியாக வந்த எழுத்து அப்படியே நிற்கும். மீண்டதும் புதியது வரும்.

அவருடைய இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு முதல் தடவையாகக் கடலைக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள். அன்று மதியம், "நாலு மணிக்குக் காரோட வர்றேன். கீழே வந்து நில்லுங்க" என்று அனுப்பினாள். ‘இப்பவே நிக்கிறேன்’ பொத்தானை அவர் உடனே அழுத்தினார்.

மூன்றரைக்கு அலுவலகத்தில் ஒரு கடையின் இணையப் பக்கம் முழுதும் முடங்கியது. அதைச் சரிசெய்யாமல் அவளால் மேசையை விட்டு எழ முடியவில்லை. "இன்னைக்கு முடியல பாபா, நாளைக்குப் போலாம். கீழே இறங்காதீங்க" என்று மாற்றினாள். ‘சரி’, ‘கோபம்’ என்று இரண்டு பொத்தான். எதையும் அவர் அழுத்தவில்லை.

"கிழவர் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கார்" என்று தோழியிடம் சிரித்தாள். "கொஞ்சம் மிட்டாய் வாங்கிட்டுப் போனா சரியாயிடும்."

மிட்டாயோடு வந்தவள் மாடிப்படியில் கூட்டத்தைக் கண்டாள். மேலே கட்டிலில் அப்பா கண்மூடிக் கிடந்தார். காலில் பளபளவென்று துடைத்த சப்பாத்து.

பக்கத்து வீட்டு உம்மு நிதால் அவளைக் கட்டிக்கொண்டு கதறினாள். "மூணரைக்கு முன்னாடியே கரண்ட் போச்சு மகளே, லிஃப்ட்டும் நின்னுச்சு. வெயில்ல நிக்காதீங்கன்னு உங்கப்பாகிட்ட கையக் காட்டிக் கெஞ்சினேன். ‘என் பொண்ணு மாத்தி எழுதியிருக்காளான்னு பாத்துட்டு வர்றேன்’னு அஞ்சு மாடி ஏறினாரு. ‘அதேதான் இருக்கு, வந்துருவா’ன்னு சிரிச்சிக்கிட்டே இறங்கினாரு. மறுபடியும் ஏறினாரு. மூணாவது தடவை பாதிப் படியில..."

டேப்லெட்டில் பேட்டரி இருந்தது. அவர் ஏறிவந்த ஒவ்வொரு முறையும், அவள் வருகிறாள் என்றே அது பளிச்சென்று சொல்லியிருக்கிறது. மங்கியிருந்தால் பயந்திருப்பார், அழுதிருப்பார், வீட்டிலேயே உட்கார்ந்திருப்பார்.

அப்போது விளக்குகள் எரிந்தன. மூலையில் வைஃபை பெட்டி கண் சிமிட்டியது. எல்லோரும் பார்த்திருக்கச் சுவரில் எழுத்து மாறியது.

"இன்னைக்கு முடியல பாபா, நாளைக்குப் போலாம். கீழே இறங்காதீங்க."

ருதைனா கட்டிலருகே சரிந்து, சில்லிட்ட அந்த விரலைத் தன் இரு கைகளிலும் பொத்திக்கொண்டாள்.

"கோபத்தை அழுத்துங்க பாபா! ஒரே ஒரு தடவை... என்மேல கோபம்னு அழுத்துங்க!"